அப்பத்தாவின் ‘கியோ’ குடும்பப்பெயர்: அயர்லாந்தின் பழைய ஊர்ப் பதிவேடுகளில் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: பழங்காநத்தம் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையைப் பெற்ற அப்பத்தா, மதுரை ரயில்வே காலனியில் 1912-இல் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். என் தாத்தாவை மணந்துகொண்ட பிறகு சேலை கட்டி, மதுரைத் தமிழே பேசி, எண்பது வயது வரை எங்களோடுதான் வாழ்ந்தார். அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் ‘கியோ’. ஆங்கிலத்தில் கே, இ, ஓ, ஜி, ஹெச் என்று ஐந்து எழுத்து. கடைசி இரண்டுக்கும் ஒலி கிடையாது. அது தெரியாத அக்கம்பக்கத்தார் அவரைக் கடைசி வரை ‘கியோக்கம்மா’ என்றே அழைத்தார்கள், அவரும் திருத்தியதில்லை.

அவருடைய டிரங்குப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் என் கொள்ளுத்தாத்தாவின், அதாவது அப்பத்தாவுடைய தகப்பனாரின், ஞானஸ்நானச் சான்று எட்டாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1874-இல் திருச்சிராப்பள்ளியில் எழுதப்பட்ட அந்தச் சான்றில் குடும்பப்பெயர் கே, இ, ஹெச், ஓ, இ என்று வேறு விதமாக இருக்கிறது. கூடவே ஒரு சிறிய செபப் புத்தகமும் கிடைத்தது. அதன் முன்தாளில், அயர்லாந்திலிருந்து வந்தவராகச் சொல்லப்படும் எள்ளுத்தாத்தாவின் பெயரும், ‘மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்’ என்ற படைப்பிரிவின் பெயரும், 1857 என்ற ஆண்டும் மங்கிய மையில் எழுதப்பட்டுள்ளன. பின்தாளில் அவருடைய பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக உள்ளன. சொந்த ஊர் எது என்று எங்கும் எழுதப்படவில்லை.

அயர்லாந்தின் 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை அறிந்து, இந்தக் குடும்பப்பெயரைத் தட்டச்சு செய்து பார்த்தேன். பட்டியல் பக்கம் பக்கமாக நீண்டுகொண்டே போனது. எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பிறகு ஓர் இணையதளத்தில் பணம் கட்டி ‘கியோ குடும்பச் சின்னம்’ ஒன்றை வாங்கினேன். சட்டம் போட்டு மாட்டும்படி வந்த அந்தத் தாளில் எங்கள் பூர்வீகம் ரோஸ்காமன் மாவட்டம் என்று அச்சிட்டிருந்தது. வேறொரு தளம் அதே பெயருக்கு வெக்ஸ்ஃபோர்டு என்கிறது.

குடும்பப்பெயரை வைத்தே மாவட்டத்தைச் சொல்லிவிட முடியுமா? பழைய பதிவேடுகளில் எதை முதலில் பார்க்க வேண்டும்? எல்லாம் 1922-இல் எரிந்து போய்விட்டதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: திருமங்கலம் பத்திர எழுத்தர்

ஐயா, வணக்கம். பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நாட்டு நிலப் பதிவேடாக இருந்தாலும் உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒரு பைத்தியம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எரிந்தது உண்மை, எல்லாம் எரிந்தது என்பது உண்மையில்லை. 1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்து உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் ‘ஃபோர் கோர்ட்ஸ்’ என்னும் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பற்றியது. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்பில் சில சிதறல்கள் தவிர மற்றவை அங்கேதான் அழிந்தன. அயர்லாந்து சபை என்னும் ஆங்கிலிக்கத் திருச்சபையின் பங்குகள், அதாவது ஒவ்வொரு கோயிலுக்கும் உட்பட்ட பகுதிகள், வைத்திருந்த பதிவேடுகளில் ஏறத்தாழப் பாதியும் உயில்களில் பெரும்பகுதியும் அதோடு போயின. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புகளைத் தீ தொடவில்லை. கணக்கெடுத்த கொஞ்ச காலத்திலேயே அரசாங்கமே அவற்றை அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்களை முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டால் கூழாக்கினார்கள். பழைய பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது என்று கையை விரிக்கும் அலுவலகங்களை நிறையப் பார்த்த எனக்கு, இந்த ஒன்று மட்டும் புதிதாகத் தோன்றவில்லை.

முழுமையாகத் தப்பிய கணக்கெடுப்புகளில் பழையவை 1901-உம் 1911-உம். அவை உங்கள் எள்ளுத்தாத்தா கப்பலேறி அரை நூற்றாண்டு கழித்து எடுக்கப்பட்டவை. அவற்றில் அவரைத் தேடிப் பயனில்லை. அவர் பிறந்து வளர்ந்த காலத்துக்குப் பொருந்துபவை இரண்டு நிலப் பதிவேடுகள்.

முதலாவது, 1823 முதல் 1838 வரை தயாரிக்கப்பட்ட தசமபாகப் பதிவேடு. நாட்டு மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கராக இருந்தும், ஆங்கிலிக்கத் திருச்சபையின் செலவுக்கு நிலம் வைத்திருந்த எல்லோரும் காசு கட்ட வேண்டியிருந்தது. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்கான கணக்கு அது. ஊருக்குள் வீடு மட்டும் வைத்திருந்தவரும் நிலமில்லாத கூலியாளும் அதில் வரமாட்டார்கள்.

இரண்டாவது, ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் தலைமையில் 1847 முதல் 1864 வரை அச்சிட்டு வெளியிடப்பட்ட மதிப்பீட்டுப் பதிவேடு. உள்ளூர் வரி விதிப்பதற்காக ஒவ்வொரு வீட்டையும் நிலத்தையும் அளந்து மதிப்பிட்டார்கள். நம் ஊரில் அ-பதிவேடு பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. முதல் பத்தியில் நிலவரைபடத்து எண், அடுத்து அனுபவத்தில் இருப்பவர் பெயர், அதற்கடுத்து அவருக்கு நேராகக் குத்தகைக்கு விட்டவர் பெயர், பிறகு வீடா நிலமா தோட்டமா என்ற விவரம், பரப்பு, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியாக ஆண்டு மதிப்பு. எண்ணோடு எழுத்தும் சேர்ந்து வந்தால் உட்பிரிவு என்று கொள்ளலாம். ஆனால் ‘இன்னாரின் மகன்’ என்று தகப்பன் பெயர் எழுதும் நம் வழக்கம் அங்கே இல்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மட்டும் பிரித்துக் காட்ட ஏதாவது ஒரு குறிப்பைச் சேர்த்திருப்பார்கள்.

ஊர்ப் பிரிவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘டவுன்லேண்ட்’ என்ற சொல்லைக் கண்டு நகரம் என்று எண்ண வேண்டாம். அது நம் உட்கடைக் கிராமம் போன்ற மிகச் சிறிய பிரிவு. அந்தத் தீவில் 60,000-க்கும் மேல் உண்டு. அதற்கு மேலே பங்கு, அதற்கும் மேலே ‘பாரனி’, பிறகு மாவட்டம். இதில் அரசு வைத்த பங்கு வேறு, கத்தோலிக்கக் கோயில் வைத்த பங்கு வேறு. நம் பிர்கா எல்லையும் கோயில் பங்கு எல்லையும் ஒன்றாகவா இருக்கின்றன?

நான் செய்வதாக இருந்தால், கிரிஃபித் பதிவேட்டின் பெயர் அட்டவணையில் இந்தக் குடும்பப்பெயரைப் போட்டு, எந்தெந்தப் பாரனியில் கூட்டமாக வருகிறது என்று முதலில் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்வேன்.

பதில்: பொன்மலைப் பேத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் தாய்வழித் தாத்தா பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். நானும் இதே வழியில் ஆறு ஆண்டுகள் அலைந்தவள். பத்திர எழுத்தர் ஐயா பதிவேடுகளைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடைசிப் பத்தியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் அப்படித்தான் தொடங்கினேன். வரைபடம் முழுவதும் புள்ளி வைத்து முடித்தபோது இரண்டு ஆண்டுகள் போயிருந்தன. கையில் ஓர் ஊரும் இல்லை.

நம் பக்கத்தில் முன்பின் அறியாத ஒருவனை ‘ஊர் பேர் தெரியாதவன்’ என்கிறோம். அதில் ஊர்தான் முதலில் வருகிறது. உங்களிடம் பேர் இருக்கிறது, ஊர் இல்லை. அந்த ஊர் அயர்லாந்துப் பதிவேட்டில் இல்லை, இந்தியாவுக்கு வந்த படைவீரரைப் பற்றிய பதிவேட்டில் இருக்கிறது.

மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைப்பிரிவு. 1858-இல் ஆட்சி அரசியாரின் கைக்கு மாறிய பிறகு 1862-இல் அது 102-ஆம் படைப்பிரிவானது; 1881-இல் பம்பாய்ப் பிரிவு ஒன்றுடன் சேர்த்து ‘ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். இந்தக் கடைசிப் பெயரைப் பார்த்துவிட்டு எள்ளுத்தாத்தா டப்ளின்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் சேர்ந்த காலத்தில் அந்தப் பெயரே இல்லை.

செபப் புத்தகத்தில் இருக்கும் 1857 மிக நல்ல ஆண்டு. அந்நாளில் கம்பெனிக்கு ஆளெடுத்து இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் உள்ள வார்லி என்ற ஊரின் பாசறைக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலேற்றினார்கள். அந்தப் பாசறைப் பதிவேடுகளும் மதராஸ் படையின் ஐரோப்பிய வீரர் பதிவேடுகளும் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணப் பிரிவில் உள்ளன. என் முன்னோரின் வரியை முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் நினைவிருக்கிறது: வயது 19, உயரம் 5 அடி 6 அங்குலம், வெளிறிய முகம், சாம்பல் நிறக் கண்கள், தொழில் கூலி, அதற்குப் பிறகு பங்கு, ஊர், மாவட்டம் என்று மூன்று கட்டங்கள். இறந்து நூறாண்டுக்கு மேலான ஒருவருடைய கண்ணின் நிறத்தைத் தெரிந்துகொண்டது ஒரு பக்கம். அந்த மூன்று கட்டங்களுக்காகத்தான் நான் ஆறு ஆண்டுகள் அலைந்திருக்கிறேன் என்பது மறுபக்கம். வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். படையில் சேரப் பொய் வயது சொன்னவர்கள் ஏராளம்.

அதோடு, மதராஸ் மாகாணத்தில் நடந்த ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை அந்தக் காலத்தில் லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். இங்கே மூலப் பதிவேட்டைக் காணவில்லை என்று ஒரு கோயிலில் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அதே பக்கத்தின் நகல் லண்டனில் கிடைத்தது. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ‘ஃபிபிஸ்’ என்ற சங்கத்தின் தளத்தில் பெயர் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். எள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவை முதலில் அங்கே பாருங்கள். அவர் படையிலிருந்து விலகி ரயில்வேக்கு வந்த காலம் ஓரளவு பிடிபடும். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ரயில் வந்தது 1860களின் தொடக்கத்தில். அந்தக் கம்பெனிதான் 1874-இல் தென்னிந்திய ரயில்வேயின் பகுதியானது. படையை விட்ட ஐரிஷ்காரர் பலருக்கு ரயில்வேதான் சோறு போட்டது.

ஊர் கிடைத்த பிறகு கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போகலாம். அங்கேயும் நம் மதுரை மறைமாவட்டத்தின் பழைய பதிவேடுகளைப் போலவே பல பங்குகளில் இலத்தீன்தான். ஜேம்ஸ் என்பவர் ‘யாக்கோபுஸ்’ என்றும் வில்லியம் ‘குலியெல்முஸ்’ என்றும் இருப்பார்கள். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதும் வழக்கம் நமக்குப் பெரிய உதவி. ஞானத்தகப்பன் பெரும்பாலும் தாய்மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார்.

இன்னொன்று. மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயைப் பெற்றவரின் பெயர் என்பது அங்கே பரவலாக இருந்த வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தானே நாமும் ‘பெயரன்’ என்கிறோம்! உங்கள் செபப் புத்தகத்தின் பின்தாளை மறுபடி பாருங்கள்.

பதில்: மேலூர்–டப்ளின்

வணக்கம் ஐயா. மேலூர்க்காரனான நான் பன்னிரண்டு ஆண்டுகளாக டப்ளினில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். விடுமுறை நாள்களில் கில்டேர் தெருவில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போவதுண்டு. என்னோடு பணிபுரியும் ஒருவரின் குடும்பத்துக்காகத் தொடங்கிய பழக்கம் அது.

குடும்பப்பெயரைக் கொண்டே மாவட்டத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பெயரில் முடியாது. ‘கியோ’வின் மூலம் ‘மாக் எயோகி’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும் ஐரிஷ் பெயர்; அது ‘எயோகி என்பவரின் மகன்’ என்னும் பொருளுடையது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று குடிகள் தனித்தனியே இந்தப் பெயரைக் கொண்டிருந்தன: ஒன்று ரோஸ்காமன் பக்கம், ஒன்று டிப்பரேரி பக்கம், ஒன்று லென்ஸ்டர் மாகாணத்தில். ஆங்கில ஆட்சியில் ‘மாக்’ என்ற முன்னொட்டு பலரிடம் உதிர்ந்துபோனது. கே, இ, ஹெச், ஓ, இ என்ற எழுத்துமுறை வெக்ஸ்ஃபோர்டில் அதிகம் என்பதால்தான் அந்த இரண்டாவது தளம் அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் சான்றை எழுதியது திருச்சிராப்பள்ளியில் இருந்த குருவானவர். அவர் காதில் விழுந்ததை எழுதினார். எழுத்துமுறையிலிருந்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தமிழில் எழுதினால் இரண்டும் ‘கியோ’தான், தேடும்போது அதையே நினைவில் வைத்து, நட்சத்திரக் குறி போட்டு எல்லா விதங்களையும் வரவழைத்துப் பாருங்கள்.

வடக்கே அல்ஸ்டர் பக்கம் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அங்குள்ள பல குடும்பப்பெயர்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை. நம் கால்டுவெல் ஐயரே 1814-இல் ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளேடியில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்தானே.

குடும்பச் சின்னத்தைப் பற்றி: இங்கே சின்னம் வழங்கும் அதிகாரம் தேசிய நூலகத்தோடு இணைந்த தலைமைச் சின்ன அலுவலருக்கு உண்டு. அவர் தனி மனிதருக்கோ நிறுவனத்துக்கோ வழங்குவார். ஒரு குடும்பப்பெயரைக் கொண்ட எல்லோருக்கும் பொதுவாக வழங்குவதில்லை. உங்களிடம் வந்த தாள் சுவருக்கு அழகு, அவ்வளவுதான்.

1880 வரையிலான கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களைத் தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாகப் பார்க்க விட்டிருக்கிறது. மேற்குப் பகுதிகளில் பல பங்குகளுக்கு 1820, 30களுக்கு முந்திய பதிவேடு இல்லை. அரசுப் பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது. உங்கள் எள்ளுத்தாத்தாவுக்குப் பயன்படாது, இங்கேயே தங்கிவிட்ட அவருடைய தம்பி தங்கைகளின் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அந்தத் தம்பி தங்கைகளை வைத்து ஒரு குறுக்குவழியும் உண்டு. 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வழங்கத் தொடங்கினார்கள். 1864-க்கு முன் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்று ஏது? ஆகவே, 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் சிறுபிள்ளையாகத் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி விண்ணப்பித்தார்கள். காப்பக ஊழியர் தேடி, கிடைத்த பெயர்களையும் வயதுகளையும் அந்த விண்ணப்பத்திலேயே எழுதி வைத்தார். கணக்கெடுப்பு 1922-இல் எரிந்துவிட்டது, விண்ணப்பங்கள் தப்பிவிட்டன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் பெற்றோர் பெயரும் டவுன்லேண்ட் பெயரும் இருக்கும். ஊர் தெரிந்ததும் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: பழங்காநத்தம் ஆசிரியர், ஏழு வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் என் பணிவான நன்றி. பொன்மலை அம்மா சொன்னபடி, லண்டனில் கட்டணம் பெற்றுத் தேடித் தருபவர் ஒருவர் மூலம் வார்லிப் பாசறைப் பதிவேட்டின் பக்கத்தைப் பெற்றுவிட்டேன். வயது 20, பழுப்புக் கண்கள், தொழில் செருப்புத் தைப்பவர். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த ‘பண்ணையார் வீட்டுப் பிள்ளை’ என்ற கதை அந்தக் கட்டத்தோடு முடிந்தது. பங்கு: புனித பேதுரு. ஊர்: அத்லோன். மாவட்டம்: வெஸ்ட்மீத்.

அத்லோனில் புனித பேதுரு பங்கைத் தேடினால் அது ரோஸ்காமன் மாவட்டத்தில் இருப்பதாக வருகிறது. வாங்கிய சின்னமும் ரோஸ்காமன் என்றே சொன்னது என்பதால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: திருமங்கலம் பத்திர எழுத்தர்

ஐயா, சின்னத்தை மறந்துவிடுங்கள். குருட்டாம்போக்கில் எறிந்த கல் அது. பங்கை நம்புங்கள். அத்லோன் ஷானன் ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஊர். வைகைக்கு வடகரை மதுரை வடக்கு வட்டம், தென்கரை தெற்கு வட்டம் என்று நாம் வைத்திருப்பது போல, அங்கே மேற்குக் கரை ரோஸ்காமன், கிழக்குக் கரை வெஸ்ட்மீத். கிழக்கே புனித மரியாள் பங்கு, மேற்கே புனித பேதுரு பங்கு. ஆளெடுத்த எழுத்தருக்கு அத்லோன் என்றதும் வெஸ்ட்மீத் நினைவுக்கு வந்திருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: 1898-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்படி ஊரின் மேற்குப் பகுதியும் வெஸ்ட்மீத்தோடு சேர்க்கப்பட்டது. அதனால் கிரிஃபித் பதிவேட்டில் ரோஸ்காமனிலும், 1901 கணக்கெடுப்பில் வெஸ்ட்மீத்திலும் அதே தெருவைத் தேட வேண்டும். என் வரைபட யோசனை தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; செருப்புத் தைத்தவருக்கு நிலம் இருந்திருக்காது, தசமபாகப் பதிவேட்டில் அந்தக் குடும்பம் வராமலே போகலாம்.

கேள்வி கேட்டவர்: பழங்காநத்தம் ஆசிரியர்

நேற்று இரவு இரண்டு மணி வரை புனித பேதுரு பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டுப் படங்களைப் பார்த்தேன். 1830களின் பக்கங்களில் எள்ளுத்தாத்தாவின் பெயரிலேயே இரண்டு கியோ பிள்ளைகள், மூன்று ஆண்டு இடைவெளியில். எழுத்தும் இரண்டு விதம். இரண்டுமே பாசறையில் சொன்ன வயதுக்கு ஓரளவு ஒத்துவருகின்றன.

பிறகு செபப் புத்தகத்தின் பின்தாளை விளக்கருகே வைத்துப் படித்தேன். பிள்ளைகள் வரிசையில் முதலில் இருப்பவர் என் கொள்ளுத்தாத்தா. பதிவேட்டில் உள்ள இரண்டு பிள்ளைகளில் மூத்தவனுடைய தகப்பன் பெயரும் அதுவே. இளையவனுடைய தகப்பனுக்கு வேறு பெயர். மூத்தவன் பெயருக்கு நேரே என் குறிப்பேட்டில் ‘இருக்கலாம்’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். அவனுடைய தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும் தெருவின் பெயரையும் டப்ளின் தம்பிக்குத் தனியே அனுப்புகிறேன். ஓய்வூதிய விண்ணப்பங்களில் அந்தப் பெற்றோர் பெயரோடு ஒரு தம்பியோ தங்கையோ அகப்பட்டால், அந்தச் சொல்லை அழித்துவிட்டு மையால் எழுதுவேன்.